நாலு கட்டில் அறையில் ஃப்ளூ: 14 நாள் கணக்கு

எங்கள் விடுதி அறையில் நாலு கட்டில். ஆட்களின் பெயரைச் சொல்லப் போவதில்லை; கட்டிலை வைத்தே சொல்கிறேன். ஜன்னலை ஒட்டிப் படுப்பவன் ஜன்னல்காரன். வாசல் பக்கம் படுப்பவன் கதவுக்காரன். சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா, இன்ஹேலர் இல்லாமல் எங்கும் போக மாட்டான். அலமாரி ஓரம் படுப்பவன் அலமாரிக்காரன். மேசைக்குப் பக்கத்துக் கட்டில் என்னுடையது. மூன்றாமாண்டு. ஆளுக்கொரு துறை என்றாலும் நாலு பேருக்கும் பொதுவாக ஒரு தாள் இருந்தது. அந்தத் தாளுக்கு வைத்த தேர்வுதான் இந்தக் கதையில் பாதி.

இந்த 14 நாளையும் நான் ஞாபகத்திலிருந்து எழுதவில்லை. காய்ச்சலில் கிடந்தவனின் ஞாபகத்தை நம்பக் கூடாது. அறைக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. "யார்கிட்டயாவது மாத்திரை இருக்கா", "வரும்போது தண்ணி பாட்டில ரொப்பிட்டு வாடா" என்று அதில் வந்த செய்திகளின் நேரத்தையும், மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டுகளையும் வைத்து நாள்வாரியாகக் கோத்தேன். கோத்த பிறகுதான் நாங்கள் நம்பிக்கொண்டிருந்த கதை தப்பு என்று தெரிந்தது. "இவன் காய்ச்சலோடு தேர்வு எழுத வந்தான், அதனால்தான் நமக்கும் ஒட்டிக்கொண்டது" என்று ஜன்னல்காரனை ஒரு வாரம் திட்டிக்கொண்டிருந்தோம். தேதிகள் வேறு மாதிரி சொல்கின்றன.

ஞாயிறு முதல் புதன் வரை

ஞாயிற்றுக்கிழமை மாலை 4 மணியிலிருந்து இரவு 10 மணி வரை நாலு பேரும் அறையில் உட்கார்ந்து படித்தோம். வெளியே ஒரே சத்தம் என்று ஜன்னலைச் சாத்தினோம், கதவையும் சாத்தினோம். ஒரே மேசையைச் சுற்றி நாலு தலை. ஒருத்தன் சத்தமாக வாசிக்க மற்றவர்கள் கேட்டோம். அன்று யாருக்கும் ஒரு தும்மல்கூட இல்லை.

திங்கள் மாலை 4 மணி வாக்கில், ஆய்வகத்தில் நின்றுகொண்டிருந்த ஜன்னல்காரனுக்குத் திடீரென்று குளிரெடுத்தது. மதியம் நன்றாகச் சாப்பிட்டவன். ஐந்தரைக்கு அறைக்கு வந்தபோது படியேற முடியவில்லை. "யாரோ போட்டு அடிச்ச மாதிரி இருக்குடா" என்று சொல்லிவிட்டுச் செருப்பைக்கூடக் கழற்றாமல் படுத்தான். இந்தத் 'திடீர்' ஒரு நல்ல அடையாளம். சாதாரண ஜலதோஷம் தொண்டை கரகரப்பு, மூக்கு ஒழுகல் என்று மெதுவாக வரும், ஆளை நடமாட விடும். ஃப்ளூ வந்தவன் எத்தனை மணிக்கு வந்தது என்றே சொல்லிவிடுவான். காய்ச்சல், குளிர், தலைவலி, உடம்பெல்லாம் வலி, வறட்டு இருமல், எல்லாம் ஒரே மூச்சில் வந்து இறங்கும்.

அன்றிரவு எங்களிடம் தெர்மாமீட்டர் இல்லை. நெற்றியில் கை வைத்துப் பார்த்து "சுடுது" என்பதுதான் மொத்த அளவீடு. செவ்வாய் காலை அவன் ஒரு பாராசிட்டமால் போட்டுக்கொண்டு தேர்வு எழுதப் போனான். விட்டால் மறுதேர்வு கிடைக்குமா என்று யாருக்கும் தெரியாது. நாங்களும் போகாதே என்று சொல்லவில்லை. என் கட்டிலாக இருந்திருந்தால் நானும் போயிருப்பேன்.

செவ்வாய் இரவு 8 மணிக்குக் கதவுக்காரனுக்கு இருமல், குளிர். புதன் விடியற்காலை 5 மணிக்கு எனக்கு உடம்பு வலி, கண்ணைத் திருப்பினால்கூட வலித்தது.

இப்போது கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஃப்ளூ வைரஸ் உள்ளே போனதிலிருந்து காய்ச்சல் வெளிப்பட 1 முதல் 4 நாள் ஆகும், பெரும்பாலும் 2 நாள். செவ்வாய் காலை 10 மணித் தேர்வில் தொற்றியிருந்தால் கதவுக்காரனுக்கு அன்றிரவே காய்ச்சல் வர வாய்ப்பில்லை. எனக்கும் அப்படித்தான். ஃப்ளூ வந்தவர் அறிகுறி தெரிவதற்கு ஏறக்குறைய ஒரு நாள் முன்பே மற்றவருக்குப் பரப்ப ஆரம்பித்துவிடுவார். அப்படியானால் எங்களுக்குத் தொற்றியது பெரும்பாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை, சாத்திய அறைக்குள், யாருக்கும் ஒன்றுமே இல்லாத அந்த 6 மணி நேரத்தில். தவறினால் திங்கள் இரவு தூக்கத்தில். அவன் தேர்வுக்குப் போனதற்கும் எங்கள் காய்ச்சலுக்கும் சம்பந்தமே இல்லை.

அதற்காக அவன் போனது சரி என்று ஆகிவிடாது. தேர்வறையில் அவனுக்கு முன்னும் பின்னும் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் வியாழனும் வெள்ளியும் படுத்தார்கள். அவர்களுக்கு வேறு இடத்திலிருந்தும் வந்திருக்கலாம், ஆனால் நாள் பொருந்துகிறது. இன்னொன்றையும் எழுதியாக வேண்டும். செவ்வாய் மாலை, தேர்வு முடிந்த சந்தோஷத்தில், நான் ஐந்து பேரோடு நூலகத்தின் சின்னக் கலந்துரையாடல் அறையில் இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தேன். எனக்குக் காய்ச்சல் வர இன்னும் சில மணி நேரம்தான் இருந்தது. கணக்குப்படி அப்போது நான் பரப்பிக்கொண்டிருந்தேன். ஜன்னல்காரனைத் திட்டியது நான்.

இருமலே வேண்டாம்

ஃப்ளூ என்றதும் எல்லோரும் தும்மலையும் இருமலையும் நினைக்கிறோம். அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கல்லூரிச் சூழலிலேயே ஒரு சோதனை செய்து 2018-ல் வெளியிட்டார்கள். ஃப்ளூ உறுதியான 142 பேரை ஒரு கருவியின் முன் அரை மணி நேரம் உட்காரவைத்து, அவர்கள் விடும் மூச்சைச் சேகரித்தார்கள். காற்றில் மிதக்கக்கூடிய நுண்துளி மாதிரிகளில் 39 சதவீதத்தில் உயிருள்ள, தொற்றக்கூடிய வைரஸ் கிடைத்தது. இருமாமல் சும்மா மூச்சுவிட்டவர்களிடமிருந்தும் கிடைத்தது. தும்மல் அரிதாகவே இருந்தது, வைரஸ் வெளியேற அது தேவைப்படவும் இல்லை.

விடுதி அறைக்கு இது ரொம்பப் பொருந்தும். கைகழுவு, முகத்தைத் தொடாதே என்பதெல்லாம் சரிதான். எஃகு, பிளாஸ்டிக் மாதிரியான வழவழப்பான பரப்பில் இந்த வைரஸ் 24 முதல் 48 மணி நேரம் தாக்குப்பிடிக்கும். துணியிலும் காகிதத்திலும் 8 முதல் 12 மணி நேரம். குழாய்ப் பிடி, கதவுக் கைப்பிடி, நாலு பேரும் மாறி மாறித் தொடும் சார்ஜர் எல்லாம் கணக்கில் வரும். சோப்பு போட்டு 20 விநாடி கழுவுவது, இல்லாவிட்டால் குறைந்தது 60 சதவீத ஆல்கஹால் உள்ள சானிடைசர், இரண்டுமே பலன் தரும். ஆனால் கையைக் கழுவிவிட்டு, சாத்திய அறையில் நாலு பேர் ஒரே காற்றை ஆறு மணி நேரம் மாற்றி மாற்றிச் சுவாசித்தால் கழுவிய கை என்ன செய்யும்?

மிச்சிகன் பல்கலைக்கழக விடுதிகளில் 2006-07 ஃப்ளூ பருவத்தில் 1,437 மாணவர்களை மூன்று பிரிவாக்கிப் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்கு மாஸ்க் மட்டும், ஒன்றுக்கு மாஸ்க்கும் கை சுத்தமும், ஒன்றுக்கு எதுவும் இல்லை. இரண்டையும் சேர்த்துக் கடைப்பிடித்தவர்களிடம் 4 முதல் 6-ஆம் வாரங்களில் ஃப்ளூ போன்ற நோய் 35 முதல் 51 சதவீதம் குறைந்தது. மாஸ்க் மட்டும் போட்ட பிரிவில் உறுதியாகச் சொல்லும்படி வித்தியாசம் தெரியவில்லை. 'இது ஒன்று போதும்' என்று எதையும் பிடித்துக்கொள்ளக் கூடாது என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

எங்கள் அறை ஒன்றும் விசேஷம் இல்லை என்பதற்கு இன்னொரு பழைய சம்பவம். 1978 ஜனவரியில் இங்கிலாந்தின் வடபகுதியில் ஓர் ஆண்கள் உறைவிடப் பள்ளி. மாணவர்கள் 763 பேர். விடுமுறை முடிந்து திரும்பியவர்களில் ஒருவனுக்கு ஜனவரி நடுவில் காய்ச்சல். ஜனவரி 22 முதல் பிப்ரவரி 4 வரை, அதாவது சரியாக 14 நாளில், 512 பேர் படுக்கையில் விழுந்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு! அதே பையன்களோடு பழகிய பெரியவர்கள் சுமார் 130 பேர். அவர்களில் ஒருவருக்குத்தான் வந்தது. காரணம், அங்கே பரவிய எச்1என்1 என்ற ஃப்ளூ வகை 1957-க்குப் பிறகு இருபது வருடம் காணாமல் போய் 1977-ல் திரும்பி வந்தது. பெரியவர்களின் உடம்பு அதை முன்பே பார்த்திருந்தது, பையன்களின் உடம்பு பார்த்ததில்லை. இளமை இருந்தால் நோய் அண்டாது என்ற நம்பிக்கை கல்லூரி விடுதிகளில் இன்றும் உண்டு. அந்தப் பள்ளியில் இளமைதான் பலவீனமாகப் போனது.

வியாழன்: மாத்திரைக் கணக்கு

புதன் முழுக்க நாங்களே வைத்தியம் பார்த்துக்கொண்டோம். வியாழன் காலை அலமாரிக்காரன், அப்போது வரை ஒன்றும் ஆகாமல் இருந்தவன், பயந்துபோய் மூன்று பேரையும் வளாக மருத்துவரிடம் தள்ளிக்கொண்டு போனான். அவன் பயந்தது கதவுக்காரனைப் பார்த்து. இன்ஹேலரை நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை எடுக்க வேண்டியிருந்தது.

மருத்துவர் முதலில் கேட்டது காய்ச்சல் எவ்வளவு என்று அல்ல. "எப்போ ஆரம்பிச்சுது? மணி சொல்லுங்க" என்றார். அந்த மணிக்கு ஒரு காரணம் இருந்தது. ஓசெல்டாமிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரை அறிகுறி தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நன்றாக வேலை செய்யும். ஆரோக்கியமான ஆளுக்கு அது நோயைச் சுமார் ஒரு நாள் குறைக்கும், அவ்வளவுதான். ஆஸ்துமா, சர்க்கரை நோய், இதய நோய், கர்ப்பம் போன்ற நிலையில் இருப்பவர்களுக்கு ஃப்ளூ சிக்கலாகும் வாய்ப்பு அதிகம். அவர்களுக்குப் பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருக்காமலேயே தொடங்கச் சொல்கிறார்கள். கதவுக்காரனுக்கு அப்போது 38-ஆவது மணி நேரம். 75 மில்லிகிராம், காலை ஒன்று, இரவு ஒன்று, 5 நாள். அங்கேயே முதல் மாத்திரையை விழுங்க வைத்தார். ஜன்னல்காரனுக்கு 65 மணி நேரம் தாண்டியிருந்தது, வேறு நோய் எதுவும் இல்லை, அதனால் அவனுக்குத் தரவில்லை. எனக்கும் ஓய்வும் தண்ணீரும் போதும் என்றார்.

எனக்கு எடுத்த உடனடிப் பரிசோதனை நெகட்டிவ் வந்தது. "அப்ப எனக்கு ஃப்ளூ இல்லையா டாக்டர்?" என்று சந்தோஷமாகக் கேட்டேன். ஒரே அறையில் மூன்று பேர் ஒரே மாதிரி படுத்திருக்கும்போது அந்தத் தாளை நம்ப வேண்டாம் என்றார். இந்த விரைவுப் பரிசோதனைகள் உண்மையான ஃப்ளூவில் கணிசமான பங்கைத் தவறவிடும். பாசிட்டிவ் என்றால் நம்பலாம். நெகட்டிவ் என்றால் ஆளைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அடுத்து வந்த கேள்வியில்தான் நான் மாட்டினேன். "என்னென்ன மாத்திரை போட்டீங்க தம்பி?" பெருமையாகச் சொன்னேன்: காய்ச்சலுக்கு 650 மில்லிகிராம் பாராசிட்டமால், ஒரு நாளைக்கு நாலு. அப்புறம் ஜலதோஷத்துக்கு ஒரு கூட்டு மாத்திரை, மூன்று வேளை. அவர் அந்தக் கூட்டு மாத்திரையின் அட்டையைக் கேட்டு வாங்கித் திருப்பிக் காட்டினார். அதிலும் 500 மில்லிகிராம் பாராசிட்டமால். 650-ஐ நாலால் பெருக்கினால் 2,600. 500-ஐ மூன்றால் பெருக்கினால் 1,500. மொத்தம் 4,100. பெரியவர்களுக்கு ஒரு நாளின் உச்ச வரம்பு 4,000. அதற்கு மேல் போனால் அடி வாங்குவது கல்லீரல். சரியாகச் சாப்பிடாமல் கிடப்பவர்களுக்கு அந்த வரம்பே அதிகம் என்றும் சொன்னார். நான் ஏமாற்றவும் இல்லை, அவசரப்படவும் இல்லை. இரண்டு அட்டையில் இரண்டு பெயர் இருந்தது, நான் இரண்டு மருந்து என்று நினைத்தேன். விடுதியில் இது எத்தனை பேருக்கு நடக்கிறதோ! அட்டையின் பின்பக்கச் சின்ன எழுத்தைப் படிக்கிற பழக்கம் அன்றைக்குத்தான் வந்தது.

ஜன்னல்காரன் வேறொரு காரியம் செய்திருந்தான். போன வருடம் பல் வலிக்கு வாங்கி மிச்சம் வைத்திருந்த ஆன்டிபயாடிக்கில் இரண்டை விழுங்கியிருந்தான். ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைத்தான் கொல்லும். வைரஸை ஒன்றும் செய்யாது. இதைத் தேர்வில் கேட்டால் அவன் சரியாக எழுதுவான். காய்ச்சலில் எழுதமாட்டான் போலிருக்கிறது. ஆஸ்பிரினையும் மருத்துவர் தொட வேண்டாம் என்றார். 18 வயது நிரம்பாதவர்கள் ஃப்ளூவின்போது ஆஸ்பிரின் எடுத்தால் ரெய் நோய்க்குறி என்ற அரிய, ஆபத்தான கோளாறு வரலாம். விடுதியின் முதலாண்டு மாணவர்களில் அந்த வயதுக்காரர்கள் உண்டு.

அறையை மாற்றிப் போட்டது

தனியறை கொடுக்க இடமில்லை. நல்லாயிருக்கும் அலமாரிக்காரனை வேறு அறைக்கு அனுப்பலாமா என்று யோசித்தோம். பார்த்தால், அவனும் ஞாயிறன்று எங்களோடு உட்கார்ந்தவன். அவனுக்குள் வைரஸ் இருந்தால் புது அறைக்கு அதைக் கொண்டுபோய்க் கொடுப்பான். மருத்துவர் அவனை எங்களோடே இருக்கச் சொன்னார், சில மாற்றங்களோடு.

கட்டில்களை முடிந்தவரை விலக்கினோம். ஒருவர் தலை இருக்கும் பக்கம் அடுத்தவர் கால் இருக்கும்படி மாறிப் படுத்தோம். ராணுவக் குடியிருப்புகளிலும் நிவாரண முகாம்களிலும் செய்கிற பழைய வித்தைதான் இது. கட்டிலை நகர்த்தாமலேயே இரண்டு மூக்குகளுக்கு நடுவில் கூடுதல் தூரம் கிடைக்கிறது. ஜன்னல் பகலும் இரவும் திறந்தே இருந்தது. மேசை விசிறியை ஜன்னலைப் பார்த்து, அறைக் காற்றை வெளியே தள்ளும்படி திருப்பி வைத்தோம். அலமாரிக்காரன் உள்ளே இருக்கும் நேரத்தில் காய்ச்சல்காரர்கள் மாஸ்க் போட்டோம். இருப்பதிலேயே எரிச்சலான வேலை அதுதான். ஆனால் நோயாளி அறுவைசிகிச்சை மாஸ்க் போட்டால் பெரிய துளிகளில் வெளியேறும் வைரஸ் 25-இல் ஒரு பங்காகவும், நுண்துளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகவும் குறைந்ததாக 2013-இல் ஓர் ஆய்வு காட்டியது. போட்டோம்.

அலமாரிக்காரன் காலையும் இரவும் மூன்று பேரின் வெப்பத்தையும் குறித்தான். கடைசியாக வாங்கிய தெர்மாமீட்டர்தான் இந்த 14 நாளில் வாங்கியதிலேயே உருப்படியான பொருள். என் உச்சம் 103 டிகிரி ஃபாரன்ஹீட். தண்ணீர் எவ்வளவு குடித்தோம் என்று எண்ணுவதற்குப் பதில் சிறுநீரின் நிறத்தைப் பார்க்கச் சொன்னார்கள். அடர் மஞ்சளாக இருந்தால் போதவில்லை. எண்ணிக்கையை மறந்துவிடுவோம், நிறத்தை மறைக்க முடியாது.

மூன்று பேருக்கும் நடுராத்திரியில் எழுந்து தண்ணீர் கொடுக்க ஒருத்தன் இருந்தான். இது இல்லாத அறைகளை நினைத்தால்தான் கவலை. தனியறையில் இருக்கும் மாணவன் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு நாள் படுத்தால் யாருக்கும் தெரியாது. ஒரு நாளைக்கு இரண்டு முறை அழைத்துப் பேச ஓர் ஆளை நோய் வரும் முன்பே சொல்லி வைத்திருக்க வேண்டும். வீட்டுக்குச் சொல்வதில் நாங்கள் எல்லோரும் பொய்யர்கள். கதவுக்காரன் அவன் அம்மாவிடம் "ஒண்ணும் இல்லம்மா, சளிதான்" என்றான், இன்ஹேலரைக் கையில் வைத்துக்கொண்டு. அந்தம்மா குரலைக் கேட்டே கண்டுபிடித்துவிட்டார். "ஃபோன பக்கத்துல இருக்கிற தம்பிகிட்ட குடு" என்று சொல்லி அலமாரிக்காரனிடம் எல்லாவற்றையும் வாங்கிவிட்டார்.

கதவுக்காரன்தான் எங்களில் சீக்கிரம் எழுந்தான். சனிக்கிழமை அவனுக்குக் காய்ச்சல் இல்லை. பயந்த இடத்தில் ஒன்றும் நடக்கவில்லை. நடந்தது வேறு கட்டிலில்.

எட்டாம் நாள்

ஜன்னல்காரன் வெள்ளிக்கிழமையே வகுப்புக்குப் போய்விட்டான். காய்ச்சல் இல்லை என்று தெர்மாமீட்டரைக் காட்டினான். 99 டிகிரிதான். ஆனால் இரண்டு மணி நேரம் முன்னால் பாராசிட்டமால் போட்டிருந்தான். மாத்திரை தணித்த வெப்பத்தை உடம்பு தணித்ததாகக் கணக்கில் எடுக்கக் கூடாது. காய்ச்சல் மாத்திரை எதுவும் இல்லாமல் 24 மணி நேரம் காய்ச்சல் வராமல் இருந்தால்தான் வெளியே போகலாம் என்பது பொதுவான விதி. அதன் பிறகும் சில நாள் பரவலாம்; அறிகுறி தொடங்கி 5 முதல் 7 நாள் வரை வைரஸ் வெளிவரும், முதல் மூன்று நான்கு நாள் அதிகம்.

சனி, ஞாயிறு அவனுக்கு நன்றாகத்தான் இருந்தது. திங்கள் மாலை, அதாவது முதல் குளிரிலிருந்து எட்டாம் நாள், மறுபடி குளிரெடுத்தது. இந்தத் தடவை இருமலோடு பழுப்பு மஞ்சளில் சளி. மூச்சை இழுத்தால் வலது விலாவில் குத்தல். "ரெஸ்ட் எடுத்தா சரியாயிடும்டா, போன தடவையும் சரியாச்சுல்ல" என்றான். நாங்களும் ஏறக்குறைய ஒத்துக்கொண்டோம்.

ஒத்துக்கொள்ளாதது அலமாரிக்காரன். வியாழனன்று மருத்துவர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்ததை அவன் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருந்தான். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, குழப்பமான பேச்சு, எழுப்பினால் எழாத மயக்கம், வலிப்பு, சிறுநீர் போகாமை, எழுந்து நிற்க முடியாத தளர்ச்சி. கடைசி வரி, அடிக்கோட்டுடன்: 'காய்ச்சலும் இருமலும் குறைந்து, பிறகு திரும்பி வந்து மோசமானால் காத்திருக்காதீர்கள்.' இரவு 9 மணிக்கு ஜன்னல்காரனை மருத்துவமனைக்குக் கூட்டிப் போனோம். எக்ஸ்-ரேயில் வலது நுரையீரலின் அடியில் நிழல். நிமோனியா. ஃப்ளூ மூச்சுப்பாதையின் உட்சுவரைச் சேதப்படுத்திவிட்டுப் போன பிறகு பாக்டீரியா உள்ளே இறங்குவது இது. இரண்டு நாள் சேர்த்துக்கொண்டார்கள். ஊசி வழியாக ஆன்டிபயாடிக்.

அந்த இரண்டாவது நாள் அவனே சிரித்துக்கொண்டு சொன்னான்: எது தேவையில்லாதபோது போட்டேனோ, அதுவேதான் இப்போது ஏறுகிறது என்று. சீக்கிரம் எழுந்து நடமாடியதால்தான் நிமோனியா வந்தது என்று நான் எழுத மாட்டேன். ஒழுங்காக ஓய்வெடுத்தவர்களுக்கும் வரும். ஆனால் அவன் வெள்ளிக்கிழமை போனதற்கான காரணத்தை எழுதத்தான் வேண்டும்.

வருகைப் பதிவு

எங்கள் கல்லூரியில் மருத்துவ விடுப்புக்கு அப்போது இருந்த முறை இது. விண்ணப்பத்தை நோயாளியே நேரில் கொண்டுவர வேண்டும். மூன்று மேசைகளில் மூன்று கையெழுத்து. விடுப்பு எடுத்த நாளிலிருந்து மூன்று நாளுக்குள். அதாவது அதிகமாகத் தொற்றும் அதே நாட்களில், 102 டிகிரி காய்ச்சலோடு, மூடிய அலுவலக வராந்தாவில் வரிசையில் நிற்க வேண்டும். ஜன்னல்காரனுக்கு ஏற்கெனவே வருகை குறைவு. வெள்ளிக்கிழமை அவன் வகுப்புக்கென்று கிளம்பவில்லை, உண்மையில் கையெழுத்து வாங்கப் போனான், போன கையோடு வகுப்பிலும் உட்கார்ந்தான். அந்த வரிசையில் அவனுக்கு முன்னால் நின்ற மூன்று பேரும் இருமிக்கொண்டிருந்தார்களாம்.

மாணவர்களுக்குச் சொல்லும் அறிவுரைகளில் 'உடம்பு சரியில்லையென்றால் வகுப்புக்கு வராதீர்கள்' என்பது எப்போதும் இருக்கும். வராவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பற்றி ஒரு வரி இருக்காது. என்னைக் கேட்டால் ஒரு கல்லூரி செய்யக்கூடிய மலிவான ஃப்ளூ தடுப்பு, அந்த மூன்று மேசையை எடுத்துவிட்டு ஒரு மின்னஞ்சல் போதும் என்பதுதான். நாங்கள் மருத்துவச் சீட்டுகளோடு துறைத் தலைவரைப் பார்த்தோம். விதி மாறவில்லை. ஆனால் எங்கள் வகுப்புக்கு மட்டும், வகுப்புப் பிரதிநிதி மூலம் அனுப்பினால் போதும் என்று ஒப்புக்கொண்டார். மறுதேர்வும் கிடைத்தது. கேட்டதும் கிடைத்தது. திங்கள் இரவே பேராசிரியருக்கு நாலு வரி எழுதிக் கேட்டிருந்தால் செவ்வாய்க்கிழமை ஒருவேளை வேறு மாதிரி போயிருக்கும்.

ஊசி போட்டுக்கொண்டவன்

அலமாரிக்காரனுக்கு என்ன ஆனது? வெள்ளியன்று ஒரு நாள் தொண்டை அரிப்பு, 99.6 டிகிரி. அவ்வளவுதான். ஆறு வாரம் முன்பு வளாகத்தில் நடந்த முகாமில் எங்கள் நாலு பேரில் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொண்டது அவன் ஒருத்தன்தான். எங்களையும் கூப்பிட்டான். நான் கைவலி வரும் என்றேன். ஜன்னல்காரன் ஊசியே காய்ச்சலைத் தரும் என்றான். ஊசியில் இருக்கும் செயலிழந்த வைரஸ் ஃப்ளூவைத் தராது, ஒரு நாள் கைவலியும் லேசான உடம்புச்சூடும்தான். கதவுக்காரன் தூங்கிக்கொண்டிருந்தான். எங்களில் முதலில் போட்டிருக்க வேண்டியவன் அவன்.

இருந்தாலும் ஒரே ஒரு ஆளை வைத்துத் தடுப்பூசிக்குச் சான்றிதழ் கொடுக்கக் கூடாது. வைரஸ் வருடா வருடம் வேஷம் மாற்றும். அதனால் உலக சுகாதார நிறுவனம் வருடத்துக்கு இரண்டு முறை, பிப்ரவரியில் வட அரைக்கோளத்துக்கும் செப்டம்பரில் தென் அரைக்கோளத்துக்கும், எந்த வகைகளை ஊசியில் சேர்ப்பது என்று முடிவு செய்கிறது. கணிப்பு பொருந்திய வருடங்களில் மருத்துவரிடம் போகும் அளவுக்கு ஃப்ளூ வரும் வாய்ப்பு 40 முதல் 60 சதவீதம் குறைகிறது. பொருந்தாத வருடமும் உண்டு. அதே மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 2021 அக்டோபர் 6 முதல் நவம்பர் 19 வரை 745 பேருக்கு எச்3என்2 ஃப்ளூ உறுதியானது. ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அப்படியும் கடுமையான நோயை ஊசி குறைக்கும் என்பதால் நான் அடுத்த முகாமில் போட்டுக்கொண்டேன். பாதுகாப்பு உருவாக 2 வாரம் ஆகும். பக்கத்துக் கட்டிலில் இருமல் கேட்ட பிறகு ஓடினால் நேரம் போதாது.

தூக்கத்தையும் சேர்க்க வேண்டும். தேர்வுக்கு முந்தைய வாரம் நாங்கள் யாரும் ஐந்து மணி நேரத்துக்கு மேல் தூங்கவில்லை. 2002-இல் ஓர் ஆய்வில் தினமும் 4 மணி நேரமே தூங்க விடப்பட்ட இளைஞர்களுக்கு ஃப்ளூ ஊசி போட்டபோது, 10 நாள் கழித்து அவர்களின் எதிர்ப்புப் பொருள் நன்றாகத் தூங்கியவர்களிடம் இருந்ததில் பாதிகூட இல்லை. 2015-இல் 164 பேரின் மூக்கில் ஜலதோஷ வைரஸை விட்டுப் பார்த்தார்கள். 6 மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்கு, 7 மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைவிட ஜலதோஷம் பிடிக்கும் வாய்ப்பு 4.2 மடங்கு. அது ஃப்ளூ அல்ல, ஆனால் திசை ஒன்றுதான். அலமாரிக்காரன் பத்தரைக்குத் தூங்குகிறவன். நாங்கள் அதற்காக அவனைக் கேலி செய்வோம்.

காய்ச்சல் போன பிறகு

காய்ச்சல் மூன்று நான்கு நாளில் போய்விடும். இருமலும் அசதியும் இரண்டு வாரம் வரை, சிலருக்கு அதற்கு மேலும் இழுக்கும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. எட்டாம் நாள் நான் விட்ட பாடத்தையெல்லாம் ஒரே இரவில் பிடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஒரே பக்கத்தை மூன்று தடவை படித்தேன், மூன்று தடவையும் புதிதாக இருந்தது. அதன் பிறகு ஒரு நாளைக்கு ஒரு பாடம், 40 நிமிடம், நடுவில் படுக்கை என்று வைத்துக்கொண்டேன். குறிப்புகளைச் சேர்த்துத் தரும் பொறுப்பைத் தாளுக்கு ஓர் ஆள் என்று வகுப்பிலேயே பிரித்துக்கொண்டார்கள். 14-ஆம் நாள் மைதானத்தை ஒரு சுற்று ஓடிப் பார்த்தேன். பாதியில் உட்கார்ந்தேன்.

ஜன்னல்காரன் மூன்று வாரம் ஆகியும் இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்று மூச்சு வாங்கிவிட்டுத்தான் ஏறுகிறான். ஜன்னலை மட்டும் யாரையும் சாத்த விடுவதில்லை. தெர்மாமீட்டர் அலமாரிக்காரனிடம்தான் இருக்கிறது. பக்கத்து அறைக்காரன் நேற்றிரவு வந்து கடன் கேட்டான். "எப்போ ஆரம்பிச்சுது? மணி சொல்லு" என்று கேட்டுவிட்டுத்தான் எடுத்துக் கொடுத்தான்.